பெரம்பூரில் ஒரு பஜனை சபை இருந்தது

இன்னிக்கு எபிசோட்ல ராஜா கிடையாது, போர் கிடையாது, கல்வெட்டு கிடையாது. "எங்க ஏரியாவுல ஒரு வரலாற்றுக் குழு ஆரம்பிக்கணும், யார் வேணும்னாலும் வர்ற மாதிரி இருக்கணும், எப்படிப் பண்றது?"னு பார்க்கிறவங்க எல்லாரும் கேட்கிறாங்க. பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி பக்கம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கிற ஒரு சின்னக் குழு இருக்கு. அதை நடத்துற நாலு பேர்ல நானும் ஒரு ஆள். அதனாலதான் கேட்கிறாங்க.

டீ, பிஸ்கட், வாட்ஸ்அப் குரூப், எல்லாரையும் பார்த்துச் சிரிக்கணும்னு ஒரு லிஸ்ட் கொடுத்துடலாம். ஆனா எங்க ஏரியாவுல "யார் வேணும்னாலும் வரலாம்"ங்கிறது எவ்வளவு கஷ்டமான விஷயம்னு புரியணும்னா, நூறு வருஷம் பின்னாடி போகணும். போயிட்டு வருவோம்.

பின்னி மில்லை நீங்க பார்த்திருக்கீங்க. நேர்ல இல்லைன்னாலும் சினிமாவுல பார்த்திருக்கீங்க. துருப்பிடிச்ச இரும்பு, உடைஞ்ச கூரை, மேலேயிருந்து தூசியோட இறங்குற வெளிச்சம், ஹீரோ இருபது பேரை அடிக்கிறார். எத்தனையோ தமிழ்ப் படங்களின் சண்டைக் காட்சி அங்கே எடுத்ததுதான். 1996-ல் மூடப்பட்ட அந்த இடத்தில் ஒரு காலத்தில் இரண்டு பெரிய ஆலைகள் ஓடின. பக்கிங்காம் மில் 1876-ல் ஆரம்பித்தது, கர்நாடிக் மில் 1881-ல். 1920-ல் ரெண்டும் ஒரே கம்பெனி ஆச்சு. பி அண்ட் சி மில்னு பேர். அங்கே நெய்த காக்கித் துணி ராணுவத்துக்கும் போலீஸுக்கும் போனது. ஏரியாக்காரங்க இன்னும் பின்னி மில்னுதான் சொல்றாங்க. வயசானவங்க சிலர் "சங்கு ஊதுற நேரம்"னு சொல்லி மணியைக் குறிப்பிடுவாங்க. மில் சங்கு ஊதி எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த வழக்கம் மட்டும் போகல.

முதல் உலகப் போர் முடியப்போகிற நேரம். விலைவாசி ஏறிப்போச்சு, சம்பளம் ஏறல. வேலை நேரம் நீளம், சாப்பாட்டு இடைவேளை அரை மணி நேரம். பெரம்பூர்ப் பக்கம் செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு என்று இரண்டு சின்ன வியாபாரிகள் இருந்தார்கள். அவர்கள் ஸ்ரீ வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்ற பெயரில் ஒரு சபை நடத்திவந்தார்கள். பஜனை, சமயச் சொற்பொழிவு, அவ்வளவுதான். இன்னிக்கு எந்தத் தெருவுலயும் பார்க்கக்கூடிய ஒரு சாதாரண சபை. மில் தொழிலாளிகள் அங்கே வந்து உட்கார்வார்கள். பேச்சு சாமியிலிருந்து மெல்ல மெல்ல மேஸ்திரிக்குப் போகும்.

அந்தச் சபைக்குச் சமயச் சொற்பொழிவு செய்ய வந்தவர்களில் ஒருவர் திரு.வி.க. இந்த இருவரும் அடுத்ததாகத் தொழிலாளர் குறைகளை எடுத்துக்கொண்டு அன்னி பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' பத்திரிகை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே பி.பி. வாடியாவைச் சந்தித்தார்கள். பம்பாயிலிருந்து வந்த பார்சி, பிரம்மஞான சபைக்காரர். 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது வாடியாவோ திரு.வி.க.வோ இல்லைங்க. அந்தச் சபைதான். வேலை முடிஞ்சு போய் உட்கார ஒரு இடம், துட்டு கேட்காத இடம், விரட்டாத இடம். அப்படி ஒண்ணு இருந்ததால அங்கே ஒருத்தன் கஷ்டத்தை இன்னொருத்தன் காதுல போட முடிஞ்சது. மெரினாவுல உழைப்பாளர் சிலை முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்காத ஆள் கிடையாது. 1959-ல் வைத்த சிலை அது. அதோட முன்கதையில பாதி பெரம்பூரில் இருக்குங்கிறது பெரம்பூர்ப் பிள்ளைங்களுக்கே தெரியாது.

இதோட நிறுத்தினா நல்லா இருக்கும். நிறைய ஹெரிடேஜ் வாக்ல இதோட நிறுத்திடுறாங்க, கைதட்டிட்டு டிபன் சாப்பிடப் போயிடுறாங்க. ஆனா அடுத்த மூணு வருஷத்தைச் சொல்லாம புளியந்தோப்பு வழியா நடக்க முடியாது.

1920 அக்டோபரில் பக்கிங்காம் மில்லில் தகராறு, கதவடைப்பு. 1921 ஜனவரி வரைக்கும் இழுத்தது. கம்பெனி வாடியா மேல் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம் ஆனது, வாடியா சங்கத்தை விட்டு விலகினார். சில மாதம்கூட ஆகல, 1921 மே மாதம் கர்நாடிக் மில்லில் மறுபடி பிரச்சனை. ஜூனில் அது பெரிய வேலைநிறுத்தமாக மாறியது. இந்தத் தடவை எல்லாரும் வெளியே வரவில்லை. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போவது என்று முடிவெடுத்தார்கள்.

ஏன்? கொஞ்சம் நின்னு யோசிக்க வேண்டிய இடம் இது. ஒரு வருஷத்துக்குள் இரண்டாவது முறை சம்பளம் இல்லாமல் இருக்க யாரால் முடியும்? ஊரில் துண்டு நிலமோ, கடன் கொடுக்க ஒரு சொந்தக்காரரோ இருக்கிறவரால் முடியும். குடிசையில், அன்றாடக் கூலியில், கடனில் இருக்கிறவரால் முடியாது. சங்கத்தின் மேல்மட்டத்தில் இருந்தவர்கள் எல்லாம் வேறு சாதிக்காரர்கள். தங்கள் நிலைமையை அங்கே யார் பேசுவார்கள் என்கிற சந்தேகம் நியாயமானது. இன்னொரு பக்கம், ஆலை நிர்வாகம் இந்தப் பிளவை நல்லாவே பயன்படுத்திக்கொண்டது. அரசின் தொழிலாளர் துறை அப்போது ஒடுக்கப்பட்ட சாதியினரின் நலனுக்கான துறையும்கூட. அது ஆதிதிராவிடர் பக்கம் சாய்கிறது என்று நீதிக்கட்சிக்காரர்கள் சட்டசபையில் குற்றம் சாட்டினார்கள். ஆதிதிராவிடர் தலைவரும் சட்டசபை உறுப்பினருமான எம்.சி. ராஜா தன் மக்களுக்காக நின்றார்.

ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரம் வாரக்கணக்கில் விட்டுவிட்டு நடந்தது. இரண்டு பக்கமும் அடிபட்டது. ஆகஸ்ட் 29-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஆளுநர் வில்லிங்டன் திரு.வி.க.வை நாடு கடத்திவிடுவதாக மிரட்டினார். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. எம்.சி. ராஜா 1923-ல் நீதிக்கட்சியை விட்டே வெளியேறினார். சபையில் ஒன்றாக உட்கார்ந்து மூணே வருஷம்தான் ஆகியிருந்தது.

இப்போ குழு விஷயத்துக்கு வரேன். அந்த இரண்டு பக்கத்துப் பேரன் பேத்திகளும் இன்னிக்கு இதே ஏரியாவில்தான் இருக்காங்க. எங்க நடைக்கு வர்றாங்க. ஒரு முறை மில் மதில் பக்கமா நின்னுட்டு இருந்தோம். மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு தாத்தா, அவங்க அப்பா சொன்னதா 1921 கதையைச் சொன்னார். ரொம்ப உணர்ச்சியா, கண்ணெல்லாம் கலங்கி. சொல்லிட்டே வந்தவர், "அந்தக் கருங்காலிங்க மட்டும் உள்ள போகலைன்னா ஜெயிச்சிருப்போம்"னார். கருங்காலி என்றால் வேலைநிறுத்தத்தை உடைக்கிறவன். தொழிற்சங்கத் தமிழில் நூறு வருஷமாகப் புழங்குகிற வசவு. (இப்போ இன்ஸ்டாகிராம்ல கருங்காலி மாலை வாங்குறவங்களுக்கு இது தெரியாது, விடுங்க.)

பின்னாடி இருந்து காலேஜ் படிக்கிற ஒரு பொண்ணு, "தாத்தா, அந்தக் கருங்காலி எங்க கொள்ளுத் தாத்தாதான்"னு சொல்லுச்சு. சத்தமா இல்ல, கோபமாகூட இல்ல. அவங்க வீட்டுல அந்த வருஷத்தை வேலைநிறுத்தம்னு யாரும் சொல்றதில்லையாம். "குடிசை எரிஞ்ச வருஷம்"னுதான் சொல்வாங்களாம்.

அந்த இடத்தில் குழு நடத்துறவங்க என்ன செய்யணும்? நாங்க செஞ்சது, ரெண்டு பேரையும் முழுசா பேச விட்டதுதான். சமாதானம் பண்ணல. "ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு, வாங்க டீ சாப்பிடலாம்"னு முடிக்கல. ஏன்னா அது உண்மையும் இல்லை. எரிஞ்சது யார் வீடுங்கிறதுல சமம் கிடையாது. அதே நேரம் தாத்தாவோட அப்பா மாசக்கணக்கில் பட்டினி கிடந்ததும் பொய் இல்லை. அந்த வார்த்தையைப் பத்தி மட்டும் நாங்க பேசினோம். யார் யாரைச் சொன்ன சொல் அது, என்ன விலைக்கு யார் வேலைக்குப் போனாங்கன்னு. தாத்தா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எங்கப்பா அதைச் சொல்லலைம்மா"ன்னார். அடுத்த மாசமும் ரெண்டு பேரும் வந்தாங்க. நெருக்கம் ஆயிட்டாங்கன்னு எல்லாம் கதை விடமாட்டேன். வந்தாங்க, அவ்வளவுதான்.

எல்லாரையும் வரவேற்கிற குழுன்னு நான் சொல்றது இதைத்தான். அந்தப் பொண்ணு அந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடிய இடமா அது இருக்கணும். சொன்ன பிறகும் அவங்க மறுபடி வரக்கூடிய இடமா இருக்கணும். மத்த ஏற்பாடெல்லாம் அதுக்காகத்தான்.

இதை முதல்ல யோசிச்ச ஆட்கள் நாங்க இல்லை. 1978-ல் ஸ்வீடனில் ஸ்வென் லிண்ட்குவிஸ்ட் ஒரு புத்தகம் எழுதினார். 'நீ நிற்கிற இடத்தைத் தோண்டு' என்பது அதன் தலைப்பின் பொருள். கம்பெனிகளின் வரலாற்றை எழுதுறது எப்பவும் முதலாளிதான், அந்த வேலையை உண்மையில் தெரிஞ்சவர் தொழிலாளி, அதனால் உன் தொழிற்சாலையை நீயே ஆராய்ச்சி பண்ணு என்றார். உதாரணத்துக்கு சிமென்ட் தொழிலை எடுத்துக்கொண்டு, ஆவணங்களை எங்கே தேடுவது, எப்படி வாசிப்பது என்று கைப்பிடித்துச் சொல்லிக் கொடுத்தார். அதை வைத்து ஸ்வீடனில் ஏராளமான வாசிப்பு வட்டங்கள் கிளம்பின. அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே இங்கிலாந்தில் ரஃபேல் சாமுவேல், தொழிலாளர்கள் வந்து படிக்கிற ரஸ்கின் கல்லூரியில் வரலாற்றுப் பட்டறைகளை ஆரம்பித்திருந்தார். சுரங்கத் தொழிலாளியும் ரயில்வே தொழிலாளியும் தங்கள் வேலையைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள்.

நம்ம ஊரிலும் ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 2004-ல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆரம்பித்த மெட்ராஸ் டே. அரசாங்கம் நடத்துற விழா இல்லை அது. யார் வேணும்னாலும் அவங்க தெருவுல ஏதாவது நடத்திக்கலாம். அதுதான் அதோட பலம். 1639 ஆகஸ்ட் 22-ஐப் பிறந்தநாள்னு வைக்கிறதுல எனக்கு ஒப்புதல் இல்லை. மயிலாப்பூரும் திருவொற்றியூரும் அதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னாடியே இருந்த ஊர்கள். ஆனா அந்த ஒரு வாரத்தைப் பார்த்துதான் எங்க குழுவும் கிளம்புச்சு, அதையும் சொல்லணும்.

லிண்ட்குவிஸ்ட் சொல்லாத ஒரு பிரச்சனை நம்ம ஊரில் உண்டு. ஸ்வீடன்ல "உங்க தாத்தா என்ன வேலை பார்த்தார்?"னு கேட்டா அது வெறும் கேள்வி. இங்கே அது அப்படி இல்லை. "சொந்த ஊர் எது? எந்தத் தெரு? குலதெய்வம் எது?" இதெல்லாம் எதுக்குக் கேட்கிறாங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். வரலாற்று ஆர்வம்ங்கிற பேர்ல இதையே ஈஸியா கேட்டுட முடியும். அதனால எங்க நடையில அறிமுகம் ஒரே கேள்விதான்: "இந்த ஏரியாவுல நீங்க தினமும் கடந்து போற, ஆனா என்னன்னு தெரியாத கட்டடம் எது?" இதுக்கு யார் வேணும்னாலும் பதில் சொல்லலாம். நாலு தலைமுறையா இருக்கிறவரும் சொல்லலாம், போன மாசம் ஒடிசாவிலிருந்து வந்து டெலிவரி வேலை பார்க்கிற பையனும் சொல்லலாம். குடும்பக் கதை தானா வரும். வந்தா கேட்டுக்கிறோம், தோண்டுறது இல்லை.

"எத்தனை வருஷமா இங்கே இருக்கீங்க?"னும் கேட்கிறதில்லை. பெரம்பூரே வெளியூர்க்காரங்களால ஆன ஊர். ரயில்வே பணிமனைக்கு வந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள், மில்லுக்கு வந்தவங்க, 1955-ல் ஐ.சி.எஃப். திறந்த பிறகு வந்தவங்க. யார் முதல்ல வந்தாங்கன்னு வரிசை போட ஆரம்பிச்சா சண்டைதான் மிஞ்சும்.

அடுத்தது, எத்தனை பேர் போறோம்ங்கிறது. பன்னிரண்டு பேருக்கு மேல சந்துக்குள்ள போறதில்லை. ஒரு தடவை ஹவுசிங் போர்டு வாசல்ல ஒரு அக்கா எங்களைப் பார்த்து, "என்ன, அளவெடுக்க வந்தீங்களா?"னு கேட்டாங்க. கிண்டல் இல்லை, பயம். வட சென்னையில நோட்டும் கேமராவுமா ஒரு கூட்டம் வந்தா, அடுத்து வர்றது கண்ணகி நகருக்கோ பெரும்பாக்கத்துக்கோ ஏத்திட்டுப் போற லாரின்னு அவங்க அனுபவம் சொல்லுது. அதனால அந்தத் தெருவுல இருக்கிற ஒருத்தர் கூட்டிட்டுப் போனாத்தான் உள்ளே போவோம். அவங்கதான் பேசுவாங்க, நாங்க கேட்போம். வீட்டையும் ஆளையும் போட்டோ எடுக்கிறதில்லை, அவங்களே எடுக்கச் சொன்னா தவிர.

நேரம்னு ஒண்ணு இருக்கு. காலையில ஆறரைக்கு நடைன்னு வெச்சா யார் வருவாங்க? வீட்டுல வேற யாராவது சமைக்கிறவங்க வருவாங்க. நாங்க ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு வெச்ச பிறகுதான் பெண்கள் கூட்டம் பாதிக்கு வந்தது. கிளம்புற இடத்துல கழிவறை இருக்கணும், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நடக்கக் கூடாது, நடுவுல உட்கார ஒரு இடம் வேணும், காசு வாங்கக் கூடாது. இதை எல்லாம் சின்ன விஷயம்னு நினைக்கிறவங்க வயசான ஒருத்தரோட நடந்து பார்க்கணும்.

கேட்ட கதையை அப்படியே விட்டுடவும் கூடாது. வரவேற்கிறோம்ங்கிறதுக்காக யார் என்ன சொன்னாலும் உண்மைன்னு எடுத்துக்கிட்டா அது வரலாற்றுக் குழு இல்லை, திண்ணைப் பேச்சு. தாத்தா சொன்னதையும் அந்தப் பொண்ணு சொன்னதையும், யார் சொன்னது, யார்கிட்ட கேட்டதுங்கிறதோட தனித்தனியா எழுதி வெச்சோம். அப்புறம் ஆவணத்துக்குப் போனோம். எழும்பூரில் இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அந்தக் கால அரசாணைகள் இருக்கின்றன. ஆனால் அவை அதிகாரிகள் எழுதியவை. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. திரு.வி.க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' 1944-ல் வந்தது, சங்கத்தின் பக்கத்திலிருந்து எழுதியது. எம்.சி. ராஜாவின் சட்டசபைப் பேச்சுகள் இன்னொரு பக்கம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டு. நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கிற நாள் எங்களுக்கு நடைக்குப் போற நாளைவிட சுவாரசியமா இருக்கும். ஆங்கிலம் சரளமா வராதவங்களுக்கு ஒருத்தர் வாசிச்சுத் தமிழில் சொல்வார். பல முறை, அதிகாரி எழுதினதுல எந்தத் தெரு, எந்தக் குளம்னு திருத்திச் சொன்னது ஆங்கிலம் தெரியாத ஆள்தான்.

எம்.சி. ராஜா பேச்சை அந்தப் பொண்ணுதான் வாசிச்சாங்க. தாத்தா திரு.வி.க.வை வாசிச்சார், கண்ணாடி மறந்துட்டு வந்ததால பாதியில நான் வாங்கி வாசிச்சேன்.

ஆரம்பிக்கணும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரே ஒரு யோசனை. முதல் மாசம் நடை வைக்காதீங்க. உங்க தெரு டீக்கடையில நாலு பேர் உட்கார்ந்து, தெருவுக்கு அந்தப் பேர் ஏன் வந்ததுன்னு ஆளுக்கொரு பதில் சொல்லுங்க. நாலு பதிலும் வேற வேறயா இருக்கும். அதை எழுதி வெச்சுட்டு, அடுத்த தடவை இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க.

அடுத்த எபிசோட்ல ராயபுரம் ரயில் நிலையம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பின இடம், இன்னும் நிக்குது. சந்திப்போம்.